டி.எஸ்.ஏ. தேர்வு: பிள்ளைகள் எப்படிப் படிப்பது, வீடு எப்படித் துணை நிற்பது

(நமது அறக்கட்டளையின் கல்விக் குழு, பொறியியல் மற்றும் கணினிப் படிப்பு மாணவ மாணவியருக்கும் அவர்களின் பெற்றோருக்கும் நடத்திய வழிகாட்டி நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை.)





கல்வி உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களில் சில ஆண்டுகளாக ஒரு புதுச் செலவு இடம்பெறுகிறது. முன்பெல்லாம் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம் என்று எழுதுவார்கள். இப்போது 'டி.எஸ்.ஏ. கோச்சிங்' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு வரிக்காக நகையை அடகு வைத்த வீடுகளும் உண்டு. அது என்ன படிப்பு என்று வாப்பாவிடம் கேட்டால், "அது தெரிந்தால்தான் வேலை கிடைக்குமாம்" என்கிறார். பிள்ளையிடம் கேட்டால், "கேம்பஸ் இண்டர்வியூவில் முதல் ரவுண்டே அதுதான் மாமா, அதில் போனால் எல்லாம் போச்சு" என்கிறது. பிள்ளைக்குப் பயம், வாப்பாவுக்கு அது என்னவென்றே தெரியாத கவலை. பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே இன்று மூன்று விஷயங்களைப் பேச நினைக்கிறோம். இது என்ன படிப்பு? இதை எப்படிப் படிப்பது? இதில் வீட்டின் பங்கு என்ன? நாம் கணினிப் பேராசிரியர் அல்ல. நம் ஊரில் பிறந்து இன்று மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகளை நம் கல்விக் குழு பலமுறை உட்கார வைத்துக் கேட்டது. அவர்கள் சொன்னதையும் நாம் படித்தறிந்ததையும் சேர்த்தே சொல்கிறோம்.

இது என்ன படிப்பு?

டி.எஸ்.ஏ. என்றால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் அண்டு அல்காரிதம்ஸ். விவரங்களை எப்படி அடுக்கி வைப்பது என்பது முதல் பாதி. அடுக்கியதை வைத்து ஒரு வேலையை எந்தப் படிவரிசையில் செய்து முடிப்பது என்பது மறு பாதி. பெயர்தான் புதிது. செய்கிற வேலை நம் எல்லோருக்கும் பழக்கமானது.

ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை நிற்கிறது. முதலில் வந்தவருக்கு முதலில் ஊற்றுகிறோம். இதுதான் கியூ. கல்யாண வீட்டில் கழுவிய சஹன்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். இதுதான் ஸ்டாக். மருத்துவ உதவி கேட்டுப் பலர் வந்தால் வந்த நேரத்தைப் பார்க்காமல் யாருக்கு அவசரம் அதிகமோ அவரை முன்னால் எடுக்கிறோம். இது பிரையாரிட்டி கியூ. பாகப் பிரிவினைக்காக ஒரு குடும்பத்தின் பாட்டனார், பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் என்று கிளை பிரித்து வரைகிறோமே, அது ட்ரீ. குர்பானி இறைச்சியைத் தெருத் தெருவாகக் கொண்டுபோகும் தம்பிமார், எந்தச் சந்தில் நுழைந்தால் சீக்கிரம் முடியும் என்று யோசிக்கிறார்களே, அந்தத் தெருப்படம் கிராஃப்.

நம் அலுவலகத்தில் நூறு அறை கொண்ட மர அலமாரி ஒன்று இருக்கிறது. குடும்ப அட்டை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எதுவோ, அந்த எண் போட்ட அறையில் அக்குடும்பத்தின் கோப்பு இருக்கும். 47 என்றால் நேரே 47-ஆம் அறை. மற்ற 99 அறைகளைத் திறக்கவே வேண்டாம். இரண்டு குடும்பத்துக்கு ஒரே இலக்கம் வந்தால் இரண்டு கோப்பும் அதே அறையில் இருக்கும், அந்த இரண்டை மட்டும் புரட்டினால் போதும். இதைத்தான் பிள்ளைகள் ஹேஷ் டேபிள் என்று படிக்கிறார்கள். ஒரே அறையில் இரண்டு கோப்பு சேர்வதற்குக் கொலிஷன் என்று பெயர்.

அல்காரிதம் என்ற சொல்லும் நமக்கு அந்நியமல்ல. 9-ஆம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூன் காலத்து பக்தாதில் பணியாற்றிய கணித அறிஞர் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. இந்திய எண்களைக் கொண்டு கணக்குப் போடும் முறையை அவர் நூலாக எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போனபோது அவருடைய பெயர் 'அல்கோரித்மி' என்றானது. அதிலிருந்து வந்ததுதான் அல்காரிதம். அல்ஜிப்ரா என்ற பெயரும் அவருடைய இன்னொரு நூலின் தலைப்பில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுப் பங்கீடு பற்றிய கணக்குகள். மனிதருக்குத் தேவையான ஒரு வேலையை, யார் செய்தாலும் ஒரே விடை வரும்படி படிப்படியாக எழுதி வைப்பது, அவ்வளவுதான் அல்காரிதம்.

கம்பெனிக்காரர்கள் ஏன் இதைக் கேட்கிறார்கள்?

"வேலையில் சேர்ந்தபிறகு இதையெல்லாம் யார் எழுதச் சொல்கிறார்கள்?" என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஒரு கணக்கைப் பாருங்கள்.

10 லட்சம் பெயர் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஒரு பெயரைத் தேட வேண்டும். முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், அந்தப் பெயர் கடைசியில் இருந்துவிட்டால், 10 லட்சம் முறை பார்க்க வேண்டும். அதே பட்டியல் அகரவரிசையில் இருந்தால் நடுவில் திறந்து பார்க்கலாம். தேடும் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்று தெரிந்துவிடும், ஒரு பாதியை அப்படியே தள்ளிவிடலாம். மிச்சத்தில் மறுபடி நடு. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 20 முறையில் வேலை முடிந்துவிடும். இதற்குப் பெயர் பைனரி சர்ச்.

இன்னொன்று. அதே 10 லட்சம் பெயரில் இரட்டிப்பு இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயரோடும் ஒப்பிட்டால் ஒரு லட்சம் கோடி ஒப்பீடு. விநாடிக்கு 10 கோடி ஒப்பீடு செய்யும் கணினி என்று வைத்தாலும் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். முதலில் வரிசைப்படுத்திவிட்டு, பக்கத்துப் பக்கத்துப் பெயரை மட்டும் பார்த்தால் சுமார் 2 கோடி ஒப்பீடு, ஒரு விநாடிகூட ஆகாது. கணினி மாறவில்லை, எழுதியவரின் யோசனைதான் மாறியது. அந்த யோசனை உங்களிடம் இருக்கிறதா என்றுதான் தேர்வு பார்க்கிறது.

"இப்போது ஏ.ஐ.யே எழுதித் தந்துவிடுகிறதே" என்று ஒரு வாப்பா கேட்டார். உண்மைதான், எழுதித் தருகிறது. எழுதித் தந்தது சரியா, பத்துப் பேருக்கு ஓடுவது பத்து லட்சம் பேருக்கும் ஓடுமா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

மனப்பாடம் ஏன் கைகொடுக்காது?

நம் பிள்ளைகளிடம் நாம் கண்ட பெரிய சிக்கல் இதுதான். பன்னிரண்டாம் வகுப்புவரை மனப்பாடம் கைகொடுத்தது. அதே முறையில் 200 வினாவுக்கான புரோகிராமை மனப்பாடம் செய்கிறார்கள். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். பார்க்கும்போது புரிகிறது. தேர்வில் வினாவைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கை ஓடுவதில்லை.

மேலே சொன்ன பைனரி சர்ச்சையே எடுத்துக்கொள்வோம். யோசனை இரண்டு வாக்கியம், சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் 1946-இல் அந்த முறை அறிமுகமானபின், எல்லா நீளத்துப் பட்டியலுக்கும் சரியாக ஓடும் வடிவம் அச்சில் வரப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆனது. ஜான் பென்ட்லி என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், தொழில்முறை புரோகிராமர்களிடமே இதை எழுதச் சொல்லிப் போதிய நேரமும் கொடுத்தார். பெரும்பாலோர் எழுதியதில் பிழை இருந்தது. ஜாவா மொழியோடு வழங்கப்பட்ட பைனரி சர்ச்சிலேயே ஒரு பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருந்து, 2006-இல்தான் பரவலாகத் தெரிய வந்தது. நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டும்போது, பட்டியல் மிகப் பெரிதாக இருந்தால் கூட்டுத்தொகை அதற்கு ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் போகும். அதுதான் பிழை.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. 'எனக்குப் புரிந்துவிட்டது' என்பதற்கும் 'எனக்கு எழுத வரும்' என்பதற்கும் நடுவே தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடப்பதுதான் படிப்பு. அதைக் கடக்கத் தாளும் பேனாவும் போதும்.

மாணவர்கள் இப்போதே குறிப்பேட்டை எடுங்கள். ஏழு எண்களை எழுதுங்கள்: 3, 8, 12, 19, 25, 31, 40. இவற்றின் இடம் 0 முதல் 6 வரை. 40-ஐத் தேடுவோம். இடது 0, வலது 6. நடு 3, அங்கே இருப்பது 19. 40 அதைவிடப் பெரிது, ஆகவே இடதை 4-க்குக் கொண்டுவருகிறோம். நடு 5, அங்கே 31. இன்னும் பெரிது வேண்டும், இடது 6. நடு 6, அங்கே 40. கிடைத்துவிட்டது, மூன்றே பார்வை.

இப்போது ஒரு சின்ன மாற்றம். இடதை 'நடு கூட்டல் ஒன்று' என்று நகர்த்தாமல் 'நடு' என்று மட்டும் எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இடது 0, வலது 6, நடு 3. பின் இடது 3, நடு 4. பின் இடது 4, நடு 5. பின் இடது 5, வலது 6. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஐந்தரை, பின்னம் போக நடு 5. மறுபடி இடது 5, மறுபடி நடு 5. முடிவே இல்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு 'கூட்டல் ஒன்று' விடுபட்டதால் வந்தது இது. மனப்பாடம் செய்தவர் அதை மறந்தால் மறந்ததே தெரியாது. ஒருமுறை தாளில் சுற்றிப் பார்த்தவர் வாழ்நாளில் மறக்கமாட்டார்.

எப்படிப் படிப்பது?

நம்மில் பலர் மதரஸாவில் ஓதியவர்கள். ஹிஃப்ழ் வகுப்பில் ஒரு நாளைக்குப் புதுப் பாடம் மட்டும் ஓதினால் உஸ்தாத் விடுவாரா? புதிய சபக், நேற்று முன்தினத்துப் பாடம், பழைய ஜுஸ்உ, மூன்றும் ஓதிக் காட்ட வேண்டும். பழையதைத் திருப்பாமல் புதியதை மட்டும் சேர்த்துக்கொண்டு போனால் பின்னால் உள்ளது கழன்றுவிடும் என்று நூற்றாண்டுகளாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதே ஒழுங்கை இங்கே கொண்டுவாருங்கள். ஒரு வேறுபாடு உண்டு. ஹிஃப்ழில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. இங்கே வினா மாறிக்கொண்டே இருக்கும். எனவே திருப்பிப் பார்ப்பது என்றால் பழைய விடையை வாசிப்பது அல்ல. விடையை மூடிவைத்துவிட்டு, வெற்றுத் தாளில் மறுபடி எழுதுவது.

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். முதல் கால் மணி, நேற்றுப் படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்க்க. அடுத்த முக்கால் மணி, புதுப் பாடமும் அதில் இரண்டு வினாக்களும். மீதி அரை மணி, சென்ற வாரமோ அதற்கு முந்திய வாரமோ செய்த பழைய வினா ஒன்று. வெள்ளிக்கிழமை புதுப் பாடம் வேண்டாம், பழையது மட்டும்.

ஆறு வாரத்துக்கு ஓர் ஒழுங்கு சொல்கிறோம். முதல் வாரம், ஒரு புரோகிராம் எத்தனை படி ஓடும் என்று எண்ணுவது, அரே, பைனரி சர்ச். இரண்டாம் வாரம், ஸ்டாக், கியூ, லிங்க்டு லிஸ்ட். மூன்றாம் வாரம், ரிகர்ஷனும் வரிசைப்படுத்தும் முறைகளும். நான்காம் வாரம், ஹேஷ் டேபிள், ட்ரீ. ஐந்தாம் வாரம், ஹீப், கிராஃப். ஆறாம் வாரம், கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழைய வினாத்தாள். ஒரே மொழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சி, ஜாவா, பைத்தான் எதுவாயினும் சரி. ஆறு வாரத்தில் மூன்று மொழிக்குத் தாவினால் மொழியோடு மல்லுக்கட்டவே நேரம் போய்விடும்.

இதோடு மூன்று பழக்கங்கள் வேண்டும்.

முதலாவது, ஓடவிடும் முன் விடையைச் சொல்லுங்கள். திரையில் புரோகிராமை ஓட்டுவதற்கு முன், என்ன வரும் என்று தாளில் எழுதுங்கள். பிறகு ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்களுக்குத் தெரியாதது இருக்கிறது.

இரண்டாவது, பிழைக்கென்று ஒரு குறிப்பேடு. எந்த வினாவில் எதனால் தவறியது என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'காலிப் பட்டியலை யோசிக்கவில்லை', 'வினாவில் வரிசைப்படுத்திய பட்டியல் என்று இருந்ததைக் கவனிக்கவில்லை' என்பதுபோல. இரண்டு வாரத்தில் உங்கள் வழக்கமான பிழைகள் நான்கோ ஐந்தோதான் என்று தெரிந்துவிடும். தேர்வுக்கு முந்திய இரவு அந்தக் குறிப்பேட்டை மட்டும் பார்த்தால் போதும்.

மூன்றாவது, இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். தம்பிக்கோ தோழிக்கோ, கேட்க யாருமில்லை என்றால் சமையலறையில் இருக்கும் உம்மாவுக்கோ சொல்லுங்கள். கேட்பவருக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லும்போது எந்த இடத்தில் 'அது அப்படித்தான்' என்று தாண்டிப் போகிறீர்களோ, அந்த இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

தேர்வில் எப்படிக் கேட்பார்கள்?

வினாக்கள் பெரும்பாலும் நான்கு வகை. ஒரு புரோகிராமைக் கொடுத்து விடை என்ன வரும் என்பது ஒன்று. இந்த வேலைக்கு எந்தக் கட்டமைப்பு பொருந்தும் என்பது இரண்டு. மோசமான நிலையில் எத்தனை படி ஓடும் என்பது மூன்று. நீங்களே எழுதுங்கள் என்பது நான்கு.

முதல் வகையைச் சார்ந்த ஒரு வினா. 1, 2, 3 என்ற வரிசையில் ஸ்டாக்கில் வைக்கிறோம். இடையில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வெளியே 3, 1, 2 என்று வர முடியுமா? சஹன் அடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 3 முதலில் வர வேண்டுமானால் 1, 2 இரண்டும் உள்ளே இருக்கும், 1 அடியில், 2 மேலே. மேலே இருப்பதை எடுக்காமல் அடியில் இருப்பதை உருவ முடியாது. ஆகவே வராது. சூத்திரம் எதுவும் இல்லாமல், படம் வரைந்தாலே விடை வந்துவிடுகிறது.

மூன்றாம் வகைக்கு ஒன்று. குவிக் சார்ட் என்பது டோனி ஹோர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்து 1961-இல் வெளியிட்ட முறை. பெயருக்கேற்ற வேகம் உண்டு. ஆனால் ஏற்கனவே வரிசையில் இருக்கும் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் முதல் உறுப்பையே பிரிக்கும் எண்ணாக எடுத்தால் அது மிக மெதுவாகிவிடும். ஒரு பக்கம் எதுவும் இருக்காது, மறுபக்கம் மீதி அத்தனையும் இருக்கும். 'எப்போதும் வேகம்' என்று மனப்பாடம் செய்தவர் இங்கே தவறுவார்.

நீங்களே எழுதும் வினாவில், எழுதி முடித்ததும் ஐந்து சோதனைகள் செய்யுங்கள். பட்டியல் காலியாக இருந்தால்? ஒரே ஒரு உறுப்பு இருந்தால்? எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால்? ஏற்கனவே வரிசையில் இருந்தால்? தலைகீழ் வரிசையில் இருந்தால்? மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றில்தான்.

எம்.டெக். நோக்கத்தில் கேட் தேர்வு எழுதுவோரும் இங்கே இருக்கிறீர்கள். 3 மணி நேரம், 65 வினா, 100 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் மதிப்பெண் கழியும். ஒரு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் இரண்டு பங்கு. எண்ணையே விடையாக எழுதும் வினாவுக்குக் கழிவு இல்லை. எங்கே ஊகிக்கலாம், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதையும் பழகிவிட்டுப் போங்கள்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

தாய்மார்களே, வாப்பாமார்களே! பிள்ளை தாளில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு அரை மணி நேரம் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தால், அது நேரத்தை வீணாக்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அரை மணிதான் படிப்பு. நடுவில் "கடைக்குப் போய் வா", "யார் வந்திருக்கிறார்கள் பார்" என்று மூன்று முறை எழுப்பினால், பிடித்த நூல் மூன்று முறை அறுந்துவிடும். ஒன்றரை மணி நேரம், அதை மட்டும் கொடுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே படிப்பு படிக்கிறார்கள். மஃரிபுக்குப் பிறகு அண்ணனுக்குக் கதவைச் சாத்திக்கொடுக்கிறோம், தங்கைக்கு ரொட்டி மாவைக் கொடுக்கிறோம். பிறகு அண்ணன் தேறினால் புத்திசாலி, தங்கை தேறாவிட்டால் 'அதற்கு இதெல்லாம் வராது' என்கிறோம். இருவருக்கும் ஒரே வினாத்தாள்தான் வரப்போகிறது, நேரத்தையும் ஒன்றாகவே கொடுங்கள். அந்த ஆறு வாரமாவது மாவை மகனும் பிசையட்டும்.

அடுத்தது பணம். இந்தத் தேர்வுக்காக யாரும் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம், நகையை அடகு வைக்க வேண்டாம். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் இந்தப் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. சான்றிதழுக்கான தேர்வு எழுதினால்தான் கட்டணம். சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் மொழியில் நடத்திய பாடமும் அதில் உண்டு, தொடக்க நிலைக்கு ஏற்றது. பெரிய கட்டணம் கேட்கும் இடத்தில் சேருமுன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒருமுறை வாருங்கள். பணம் கட்டியதாலேயே பிள்ளைக்கு எழுத வந்துவிடாது. எழுத வந்துவிட்ட பிள்ளைக்கு அந்தப் பணம் தேவைப்படாது.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசிவிடுவோம். வீட்டிலிருந்தே எழுதும் ஆன்லைன் தேர்வில் பக்கத்தில் தெரிந்தவரை உட்கார வைத்துக்கொள்வது, வேறொருவரை எழுதச் சொல்வது, இன்னொரு கருவியில் விடை தேடுவது என்று நடப்பதாகக் காதில் விழுகிறது. "எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்லப்படுகிறது. எடைக்கல்லில் கள்ளம் செய்யக் கூடாது என்று கடைக்காரருக்குச் சொல்கிறோமே, அதே சொல் இதற்கும்தான். நீங்கள் கள்ளமாக ஏறினால் நேர்மையாக எழுதிய ஓர் ஏழைப் பிள்ளையின் இடம் போகிறது. அது ஹக்கு. உலகக் கணக்கிலும் அது நஷ்டமே. அடுத்த ரவுண்டில் எதிரே உட்கார்ந்து, "நீ எழுதியதை விளக்கு" என்பார்கள். அங்கே யார் வந்து உட்காருவார்?

தேறாவிட்டால்?

ஒரு தேர்வில் தேறாத பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பதைச் சில வீடுகளில் பார்க்கிறோம். மாணவச் செல்வங்களே, ஒன்றரை மணி நேரத்துத் தேர்வு உங்கள் அறிவை அளந்து முடித்துவிடாது. அன்று கேட்ட மூன்று வினாவை மட்டும் அளந்தது. பிழைக் குறிப்பேட்டில் மூன்று வரி எழுதிவிட்டு அடுத்த தேர்வுக்குப் போங்கள். பெற்றோரே, அன்று இரவு அடுத்த வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைப் பேசாதீர்கள். "சாப்பிடு, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொன்னால் போதும்.

அறக்கட்டளை தன்னால் இயன்றதைச் செய்கிறது. நூலக அறை இனி வாரத்தில் ஐந்து நாள், மாணவியருக்கு அஸருக்குப் பிறகும் மாணவர்களுக்கு இஷாவுக்குப் பிறகும் திறந்திருக்கும். இரண்டு கணினியும் ஒரு கரும்பலகையும் இருக்கும். கட்டணம் எதுவும் இல்லை. மென்பொருள் வேலையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் முறைவைத்து வந்து உங்களோடு உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்கள் விடை சொல்லித்தரமாட்டார்கள், கரும்பலகையில் உங்களையே எழுதச் சொல்லிப் பக்கத்தில் நிற்பார்கள். படித்து வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு வரும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ அதே கரும்பலகைப் பக்கத்தில் ஒரு ஞாயிறு வந்து நில்லுங்கள்.

பெயர் பதிய விரும்புவோர் வாசலில் உள்ள பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லலாம். வரும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். வேறெதுவும் வேண்டாம்.

உங்கள் முயற்சிகளை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. வஸ்ஸலாம்.